கண்ணாடியில் வந்த லாரி

எடைக்கல்லுக்கு முத்திரை குத்தும் உத்தியோகத்தில் இருந்தவரின் வீட்டுக் கொட்டகையில் ஒரு கார் பதினான்கு வருடமாக நகராமல் நின்றது. அதன் உள்கண்ணாடியில் பின்னாலிருந்து ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. காருக்குப் பின்னால் லாரி வர இடம் கிடையாது. பம்பருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு துடைப்பம் நிற்கலாம், நின்றது. ஆனால் கண்ணாடியில் சுவரையும் காணோம், துடைப்பத்தையும் காணோம். நூல் பிடித்தாற்போல ஒரு நெடுஞ்சாலை, அதில் லாரி.

முதலில் பார்த்தது அவர் மனைவி. மருத்துவமனையில் நர்ஸ், சின்ன அழுக்கிலும் கண் போய் நிற்கும். கார் நின்ற மூன்றாம் வருடம் குடை தேடி உள்ளே உட்கார்ந்தவள் கண்ணாடியில் ஒரு கடுகைக் கண்டு கைக்குட்டையால் துடைத்தாள். போகவில்லை. ஐந்தாம் வருடம் அது மிளகானது. எட்டாம் வருடம் அதற்கு இரண்டு விளக்கும் ஒரு முகமும் வந்தன. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தால் கூரையைக் காட்டியது. மறுபடி மாட்டினால், கழற்றியிருந்த நேரத்தில் வரவேண்டிய தூரத்தையும் லாரி கடந்து வந்திருந்தது. புதுக் கண்ணாடி வாங்கி மாட்டினார்கள். பழையது விட்ட இடத்திலிருந்து புதியது தொடங்கியது.

முத்திரைக்காரருக்கு எதையும் அளக்காமல் விட்டால் சோறு இறங்காது. வருடத்துக்கு ஒருமுறை லாரியின் அகலத்தைக் கண்ணாடிமேல் வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்து, கொட்டகைச் சுவரில் பென்சிலால் தேதியோடு குறித்தார். பக்கத்திலேயே மகளின் உயரமும் வருடாவருடம் குறிக்கப்பட்டிருந்தது. பதினாறு வயதில் மகள் வளர்வதை நிறுத்திக்கொண்டாள். லாரி நிறுத்தவில்லை.

காருக்குப் பின்னால் இருந்த சுவருக்கு மறுபக்கம்தான் மகளின் அறை. கட்டிலின் தலைமாடு சுவரை ஒட்டியிருந்தது. லாரி காரை எட்டவேண்டுமானால் மகளைத் தாண்டித்தான் எட்டவேண்டும். மகளுக்குப் பத்தொன்பது வயதானபோது அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். மழைக்காலத்துக்குள் வந்துவிடும் என்று விடை கிடைத்தது. நம்பாமல் மறுபடி போட்டார். பத்து நாள் முன்னதாக வந்தது.

அதிலிருந்து வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. மகளின் தலையணையில் காலையில் சாலைத் தூசி படிந்திருந்தது. குவளைத் தண்ணீர் வளையம் வளையமாக நடுங்கியது. சுவரில் கை வைத்தால், ஓடி வந்த எஞ்சின் மூடியைப்போலச் சுட்டது. முன்னறைக்கு வந்து படு என்று அம்மா கெஞ்சினாள்.

"லாரிக்குப் பயந்து முன்னறைக்குப் போனா, நாளைக்கு பஸ்ஸுக்குப் பயந்து தெருவுக்குப் போகணும்மா," என்றாள் மகள். சொன்னாளே தவிர, செருப்பைக் கட்டிலின் மேலேயே வைத்துக்கொண்டு படுத்தாள்.

நர்ஸின் தம்பிக்கு எல்லா நோய்க்கும் ஒரே மருந்து, விற்றுவிடுவது. "வித்துத் தள்ளுங்க மாமா. வண்டி போச்சுன்னா வம்பும் போச்சு," என்று சொல்லி, பல்செட் செய்கிறவர் ஒருவரை அழைத்துவந்தான். அவருக்கு இரண்டு குழந்தைகள். இரண்டும் வந்ததும் வராததுமாகப் பின்சீட்டில் ஏறிக் குதித்தன. முத்திரைக்காரர் முன்யோசனையாகக் கண்ணாடிமேல் ஒரு துண்டைச் சுற்றியிருந்தார். நர்ஸ் குழந்தைகளைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள், அவிழ்த்தாள்.

பல்செட்காரர் கொஞ்ச நேரம் கண்ணாடியைப் பார்த்தார். "கண்ணாடிய மட்டும் மாத்திக்கலாமா?" என்று கேட்டார்.

"மாத்திப் பார்த்தாச்சு," என்றாள் நர்ஸ். அவர் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு, பேனாவை மறந்து விட்டுவிட்டுப் போனார்.

"ஏன்க்கா இப்படிப் பண்ற?"

"நம்ம வீட்டுக்கு வர்றத அவர் வீட்டுக்கு விலாசம் மாத்தி அனுப்பணுமாடா?"

முத்திரைக்காரர் அவிழ்த்த துண்டை எடுத்து மடித்தார். முப்பது வருட உத்தியோகத்தில் ஒரு கள்ள எடைக்கல்லுக்கும் முத்திரை குத்தாத மனுஷன், அன்று துண்டு சுற்றியிருந்தார். அது அவருக்கே பொறுக்கவில்லை. மறுநாள் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். எந்த வண்டியைப் பிரித்துப் பூட்டினாலும் ஒரு போல்ட் மிஞ்சிப்போவதால் அந்த மெக்கானிக்குக்கு ‘மிச்சம்’ என்று பெயர். மிச்சம் எஞ்சினைப் பார்க்கும் முன் கண்ணாடியைப் பார்த்தான். லாரி அதில் பாதியை அடைத்திருந்தது. ஹாரனை அமுக்கியபடி டிரைவரின் முழங்கை அசைவது தெரிந்தது.

"ஹாரன் அடிக்கிறான் சார். இடிக்க வரல, முந்திப்போக வழி கேக்கறான். கடைசியா ஓட்டினப்போ யாருக்காச்சும் கை காட்டினீங்களா?"

பதினான்கு வருடத்துக்கு முந்தைய அந்த மதியம் முத்திரைக்காரருக்கு நினைவு வந்தது. இண்டிகேட்டர் எரியாத கார் என்பதால் எல்லாவற்றுக்கும் கைதான். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. முந்திப் போகச் சொல்லிக் கையை வெளியே நீட்டி அசைத்தார். அதற்குள் வீட்டுச் சந்து வந்துவிட, நீட்டிய கையை மடக்காமலே திரும்பி, கொட்டகையில் பின்பக்கமாக ஏற்றி நிறுத்தினார். மறுநாள் கார் கிளம்பவில்லை. நாளைக்குப் பார்ப்போம் என்றார்.

"வான்னு கூப்பிட்டுட்டு நீங்க வீட்டுக்கு வந்துட்டீங்க," என்றான் மிச்சம். "அவன் சொன்ன பேச்சுக் கேட்டு வந்துக்கிட்டே இருக்கான், பாவம்."

காரைச் சரிசெய்ய இருபத்திரண்டு நாளானது. கார்புரேட்டரில் எலி குடும்பம் நடத்தியிருந்தது. பதினேழாம் நாள் மகளின் சுவரில் தலைமயிர் கனத்தில் ஒரு விரிசல் விழுந்தது. இருபதாம் நாள் ஹாரன் அறைக்குள்ளேயே கேட்டது. இருபத்திரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு, ஒரு போல்ட் மிஞ்சிய நிலையில், கார் நான்காவது முயற்சியில் உறுமியது. நர்ஸ் முன்சீட்டில் முதலுதவிப் பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்தாள். மகள் பின்சீட்டில் ஏறினாள். இறங்கச் சொன்னதற்கு, "என் சுவத்த இடிக்க வந்தவன் மூஞ்சிய நான் பாக்கணும்," என்றாள்.

நெடுஞ்சாலைக்கு வந்தபோது கண்ணாடியில் சாலையே இல்லை, லாரியின் முகம் மட்டும்தான். முத்திரைக்காரர் வேகத்தைக் கூட்டப் பார்த்தார். நர்ஸ் அவர் முழங்காலைப் பிடித்து நிறுத்தினாள். அவர் காரை ஓரம் கட்டி, கையை வெளியே நீட்டி, வா என்று அசைத்தார். இந்தமுறை சந்துக்குள் திரும்பவில்லை.

லாரி முந்தியது. பதினான்கு வருடச் சூடும் இரைச்சலும் காரை உரசிக்கொண்டு போனதில் கதவுக் கைப்பிடிகள் கொதித்தன. டிரைவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. ஒரு கையைத் தூக்கி நன்றி காட்டிவிட்டுப் போய்விட்டார். முத்திரைக்காரர் கையை உள்ளே இழுத்து எண்ணிப் பார்த்தார். விரல் ஐந்தும் இருந்தன, கைக்கடிகாரம்தான் இல்லை.

மகள் பின்சீட்டிலிருந்து எட்டிக் கண்ணாடியைப் பார்த்தாள். சாலை காலியாக இருந்தது. சாலையின் கோடியில் ஒரு கடுகு, பஸ் நிறத்தில்.

"அப்பா, லாரிக்குப் பின்னாடி ஒரு பஸ்ஸும் வழி கிடைக்காம வந்திருக்கு."

"அது வர எத்தன வருஷமாகும்?" என்று நர்ஸ் கேட்டாள். பஸ்ஸுக்குள் நிறைய ஆட்கள் இருப்பார்கள், காக்கவைக்கக் கூடாது என்றும் சொன்னாள்.

காரை விற்பதா வைத்துக்கொள்வதா என்ற பேச்சு அந்த வீட்டில் அதோடு முடிந்தது. ஞாயிறு தவறாமல் டயருக்குக் காற்றடிக்கிறார்கள். மிஞ்சிய போல்ட் ஸ்டியரிங் பக்கத்தில் கிடக்கிறது. யாராவது விலைக்குக் கேட்டால், வண்டிக்கு வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். மகள் செருப்பைக் கட்டிலுக்குக் கீழே விட்டுப் படுக்கிறாள். கொட்டகைச் சுவரில், அவள் உயரக் கோடுகளுக்குப் பக்கத்தில், பென்சிலில் புதிதாக ஒரு வரி தொடங்கியிருக்கிறது: பஸ், கடுகளவு, காலை பத்தரை.