மஜீட் காக்காவின் சிக்னல் சத்தம்

மஜீட் காக்காவின் நெஞ்சுக்குள் இருந்த வால்வு ‘டிக் டிக்’ என்று காத்தான்குடியில் அடித்தால், கல்லடிப் பாலத்தில் தூண்டில் போடுகிறவன் தலையைத் திருப்பிப் பார்ப்பான். மட்டக்களப்பு வாவியில் பாடுவதாகச் சொல்லப்படும் மீன்கள் பாட்டை நிறுத்திவிட்டு அந்தச் சத்தத்துக்குத் தாளம் பிடித்ததாகவும் ஒரு கதை உண்டு. கதையைக் கட்டிவிட்டவரும் காக்காதான் என்பது வேறு விசயம்.

கொழும்பில் நெஞ்சைப் பிளந்து பூட்டிய இரும்பு வால்வு அது. “ரத்தத்துக்கு வெளிச் சாமானைக் கண்டா ஆகாது. அதில பட்டதும் உறையப் பாக்கும். அதைத் தடுக்கத்தான் இந்த வார்பரின் குளிசை” என்று டொக்டர் விளக்கினார். கூடவே கீரை, மரக்கறி என்று ஏதோ சாப்பாட்டுக் கதையும் சொன்னார். அந்த நேரம் பார்த்துக் காக்கா, தலைக்கு மேலே சுற்றுகிற மின்விசிறியில் எந்த பெயாரிங் தேய்ந்திருக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். ஓய்வு பெற்ற பஸ் ட்ரைவருக்கு அதுவல்லவோ முக்கியம்!

ஓய்வும் பேருக்குத்தான். கிழட்டு வேன் ஒன்றை வாங்கி, அக்கம்பக்கத்தாரை ஏற்றிக்கொண்டு மாங்கேணிக்கு மீன் வாங்கப் போவார், ஓட்டமாவடிக்குக் கலியாணத்துக்குப் போவார், போக இடமில்லாவிட்டால் பெற்றோல் அடிக்கவாவது போவார். புதிதாக ஏறுகிறவர்கள், “காக்கா, சிக்னலை ஓஃப் பண்ண மறந்திட்டீங்க” என்பார்கள். “அது வேன்ல இல்ல தம்பி, எனக்குள்ள எரியுது” என்பார் காக்கா. அதைச் சொல்வதற்காகவே புது ஆட்களைத் தேடி ஏற்றுவார்.

இப்படி இருக்கையில் மட்டக்களப்பிலிருந்து ஒரு போன் வந்தது. பேசியது கம்சாயினி என்ற ஆராய்ச்சிக்காரப் பிள்ளை.

“அங்கிள், இரும்பு வால்வு பூட்டின ஆக்கள்ர கண் அசைவை ஆராயிறம். வால்வில உறையிற சின்னக் கட்டி மூளைக்குப் போனா, அது கண் ஓடுற ஓட்டத்தில முதலே தெரியுமா எண்டு பாக்கப் போறம். வர ஏலுமா?”

காக்காவின் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்: கண் சோதனை.

“என்ட லைசனைப் புடுங்கப் போறாங்க புள்ள!” என்று மனைவி ஸாலிஹாவிடம் ஓடினார்.

“ஆராய்ச்சி எண்டுதானே அந்தப் புள்ள சொன்னது?”

“முதல்ல ஆராய்ச்சி எண்டுதான் வருவாங்க. மறுகா பொலிஸ் வரும்.”

அன்றிலிருந்து அவர் ஓரிடத்தில் இருக்கவில்லை. முற்றத்துக்கும் குசினிக்கும் நடந்த நடையில் சீமெந்துத் தரை பள்ளம் விழுந்துவிட்டது. வேன் இல்லாத மஜீட் என்ன மஜீட்? அதற்கு மையத்தாகி மண்ணுக்குள் போவது நல்லது. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டார். கண்ணுக்கு எது நல்லது? பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்: பொன்னாங்காணி!

காலையில் பொன்னாங்காணிச் சுண்டல். பகலுக்குப் பால்கறி. தேத்தண்ணிக்குப் பதிலாக அவித்த தண்ணி. ஊர் வேலிகளில் ஒரு இலை மிஞ்சவில்லை. காத்தான்குடி ஆடுகள் கூட்டம் கூடி அவர்மேல் மனுக் கொடுக்கப் போவதாகப் பேச்சு.

“ஆடும் இடைக்கிடை மூச்சு விடும்” என்றா ஸாலிஹா. பிறகு காதைக் கொஞ்சம் சாய்த்தா. “இஞ்சாருங்க, ஒங்கட சத்தம் என்ன, தலகாணிக்குள்ள வெச்ச மணிக்கூடு மாதிரிக் கிடக்கு?”

காக்காவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. “ஓயில் மாத்தின இஞ்சின் கத்துமா? கீரை வேலை செய்யுது!”

நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியதை மட்டும் அவர் சொல்லவில்லை. அதைப் பழைய வண்டி மேட்டில் ஏறுவதாக எடுத்துக்கொண்டார்.

சோதனை நாளன்று தானே வேனை ஓட்டிக்கொண்டு, ஸாலிஹாவையும் ஏற்றிக்கொண்டு மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போனார். கம்சாயினி அவருடைய தாடையை ஒரு தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டியில் அழுத்திவிட்டா. முன்னால் கறுத்தத் திரை, அதில் வெள்ளைப் புள்ளி. கீழே ஒரு கமெரா கண்ணையே முறைத்துக்கொண்டிருந்தது.

“புள்ளியை மட்டும் பாருங்க அங்கிள். வேற எங்கயும் பாக்கப்படாது.”

பார்த்தார். கண்ணிமைக்காமல் பார்த்தார். ஆனால் கம்சாயினியின் புருவம் சுருங்கியது.

“ஏன் அங்கிள் உங்கட கண் வலப்பக்கம் ஒருக்கா, இடப்பக்கம் ஒருக்கா, மேல ஒருக்கா ஓடுது? திரும்பத் திரும்ப அதே ஓட்டம்?”

போயிற்று லைசன்! காக்காவுக்கு வேர்வை மாரி மழை போல ஊற்றியது. யோசித்தார். பளிச்சென்று பிடிபட்டது.

“மிரர் மகள்! வலப்பக்கம் சைட் மிரர், இடப்பக்கம் சைட் மிரர், மேல உள் மிரர். புள்ளி என்ன, முன்னால போற லொறிதானே? அதையே பாத்துக்கொண்டு போனா பின்னால வாறவன் இடிச்சிருவான்!”

கம்சாயினி சிரித்த சிரிப்பில் கமெரா ஆடியது. “அப்ப சரி. புள்ளி பாயிற நேரம் கண்ணும் சரியாத்தான் பாயுது. கண்ணில பிழை இல்ல.”

காக்கா கதிரையிலிருந்து அரை அடி எழும்பினார். அந்த நேரம் அவ சிரிப்பை நிறுத்திவிட்டு ஏசியையும் நிறுத்தினா. அறை அமைதியாகியது.

“அங்கிள், இந்தக் கதிரையில இருந்த எல்லாரிட நெஞ்சிலயும் டிக் டிக் எண்டு எனக்குக் கேட்டது. உங்கட நெஞ்சில மட்டும் ஏன் கேக்கல்ல?”

“ஓயில் மாத்தின இஞ்சின் மகள்!” என்று காக்கா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பொன்னாங்காணிப் புராணத்தை முழுதாகச் சொன்னார். சுண்டல், பால்கறி, அவித்த தண்ணி, ஒன்றும் விடவில்லை. சொல்லச் சொல்ல அந்தப் பிள்ளையின் முகம் வெளுத்தது.

“அந்தக் கீரை வார்பரினை மடக்கிற சாமான் அங்கிள். குளிசை ரத்தத்தை உறையாம வெச்சிருக்க, நீங்க கீரையைத் திண்டு உறைய வெச்சிருக்கிறீங்க.”

டொக்டர் ஓடிவந்தார். விரலில் குத்தினார்கள், நெஞ்சில் களிம்பு பூசி ஸ்கான் பார்த்தார்கள். வால்வில் இரத்தம் கட்டி ஒட்டியிருந்தது. அதன் ஒரு கதவு ஒழுங்காகத் திறந்து மூடாததால்தான் சத்தம் அமுங்கியிருந்தது. இனி ஒரு எட்டும் நடக்கக் கூடாதென்று சில்லுக் கதிரையில் வைத்துத் தள்ளினார்கள்.

“அப்ப என்ட லைசன்?”

“லைசனைப் பற்றி ஆர் அங்கிள் கதைச்சது? இஞ்ச உங்கட உயிரைப் பற்றிக் கதைக்கிறம்!”

ஆஸ்பத்திரிக் கட்டிலில், கையில் மருந்து இறங்க இறங்க, அசையாமல் கிடப்பதுதான் அவருக்குப் பெரிய தண்டனை. கால் கட்டிலுக்குள் பிரேக் தேடியது. கண் வலம், இடம், மேல் என்று ஓடியது.

“கேக்குதா புள்ள?”

ஸாலிஹா குனிந்து நெஞ்சில் காதை வைத்தா. “இல்ல.”

கொஞ்ச நேரத்தில் மறுபடி. “இப்ப?”

“இல்ல.” அவ நெஞ்சிலிருந்து காதை எடுத்தா. “கண்ணுக்கெண்டு திண்டீங்க. நெஞ்சே போகப் பாத்திச்சே.”

காக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டார்; மிரர் தேடுகிற ஓட்டமும் நின்றது. ஸாலிஹாவுக்கு அது வால்வுச் சத்தம் நின்றதைவிடப் பயமாக இருந்தது.

ஒரு பின்னேரம், பக்கத்துக் கட்டிலில் கிடந்த களுவாஞ்சிக்குடிக்காரர் நல்லரத்தினம் எரிச்சலோடு எழும்பினார்.

“ஆர்ர மணிக்கூடு இது? மனிசனை நித்திரை கொள்ள விடுதில்லையே!”

ஸாலிஹா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. கண்ணால் தண்ணி ஓடியது.

வீட்டுக்கு விடும்போது டொக்டர் சொன்னதை இந்த முறை காக்கா மின்விசிறியைப் பாராமல் கேட்டார். கீரை சாப்பிடலாம், ஆனால் எப்போதும் ஒரே அளவாக, மலையாக அல்ல. நாங்கள் சொல்லும்வரை வேன் ஓட்டக் கூடாது.

மகள் சஹ்லா வேனை எடுத்தாள். காக்கா இடப்பக்க ஆசனத்தில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, அவள் போடுகிற ஒவ்வொரு கியருக்கும் நெளிந்தார். பாலத்தில் ஏறியதும் சஹ்லா டேஷ்போர்டைக் குனிந்து பார்த்தாள்.

“வாப்பா, நான் எங்கயும் திரும்பல்லையே. ஏன் சிக்னல் அடிக்குது?”

“அது நான் மகள்.”

“ஓஃப் பண்ணிராதீங்க” என்றா பின் ஆசனத்திலிருந்து ஸாலிஹா. “அப்பிடியே எரியட்டும்.”