வெட்டிய ஏழாவது கட்டம்

கதவு சுவரில் போய் மோதிய சத்தத்தில் ஜெப்சியின் கையிலிருந்த தேநீர் கீபோர்டில் சிந்தியது.

வாசலில் ஜெயசிங் நின்றார். நாகர்கோவிலில் பதினோரு பேரை வைத்து மென்பொருள் நிறுவனம் நடத்துகிறவர். குரல் உயர்த்தியே பழக்கமில்லாதவர்.

"டாக்டர் ராஜபாய்க்க பாஸ்வேர்டை நீ மாத்துனியா?"

"நானா? எதுக்கு சார்?"

"இஞ்ச வந்து பாரு."

ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்காக அவர்கள் செய்த மென்பொருள் அது. யார், யாருடைய பாஸ்வேர்டை, எப்போது மாற்றினாலும் ஒரு வரி விடாமல் குறித்து வைத்துக்கொள்ளும். அதற்குக் கையேடு எழுதுவது ஜெப்சியின் வேலை. திரையைப் படம் பிடித்துக் கையேட்டில் சேர்ப்பதற்காக யாருடைய பாஸ்வேர்டையும் மாற்றக்கூடிய, எல்லாக் கதவும் திறக்கும் அனுமதியை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள்.

ஜெயசிங்கின் திரையில் ஒரு வரி சிவப்பாகக் கிடந்தது. ஞாயிறு, காலை 10:12. யாருடையது: டாக்டர் ராஜபாய். மாற்றியவர்: ஜெப்சி.

அவள் திரையருகே குனிந்து தன் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்தாள்.

"சனிக்கிழமை ராத்திரி ஆபேல்னு ஒரு அஞ்சுகிராமத்துக்காரர், ஊசி போட்ட கையோட செத்துப் போனாரு. டாக்டரம்மா ரெண்டு மில்லிதான் எழுதுனேன்னு சொல்லுதாங்க. இப்ப கம்ப்யூட்டர்ல பத்துன்னு கெடக்கு. அவங்க பேர்ல உள்ள போயி யாரோ திருத்தியிருக்கான். இன்னைக்குக் காலையில அவங்க பாஸ்வேர்டைப் போட்டா எடுக்கல்ல. அப்பதான் வெளிய தெரிஞ்சுது. இப்ப போலீசு வரும் மக்கா."

'இந்தப் பதிவை எவராலும் திருத்தவோ அழிக்கவோ இயலாது. பதிவில் உள்ள பெயருக்கு உரியவரே பொறுப்பு.' கையேட்டின் முதல் பக்கத்தில் ஜெப்சியே எழுதிய வாக்கியங்கள். கம்பீரமாக இருக்கிறது என்று தடித்த எழுத்தில் வேறு போட்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு நான் கோயில்ல பாட்டுக்குழுவுல நின்னேன் சார். நானூறு பேரு பாத்தாங்க."

"பாட்டுப் புஸ்தகத்துக்குள்ள போனை வச்சு நீ மாத்துனன்னு போலீசு சொல்லும். ஒனக்க பாஸ்வேர்டு வேற யாருக்குத் தெரியும்?"

ஜெப்சி உள்ளதைச் சொன்னாள். அவள் பாடும் சர்ச்சில், புத்தாண்டு ஆராதனையில், பைபிள் வசனம் அச்சிட்ட வாக்குத்தத்தச் சீட்டை ஆளுக்கொன்று எடுப்பார்கள். அந்த வருடம் முழுவதற்கும் அதுதான் அவர்களுடைய வசனம். அதன் எண்ணைத்தான் அவள் பாஸ்வேர்டாக வைத்திருந்தாள். சீட்டு வீட்டில் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது.

ஜெயசிங் நெற்றியில் அடித்துக்கொண்டார். "சீட்டு நம்பரா? நல்லா இருக்கு! பாஸ்வேர்டைக் காக்க சாப்ட்வேர் விக்கிற கம்பெனி, நம்ம பாஸ்வேர்டு பிரிட்ஜ் கதவுல! சரி, அழாத. நான் வக்கீலைக் கூப்பிடுகேன்."

அவர் வெளியே போனார். ஜெப்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தச் சிவப்பு வரியை மறுபடி பார்த்தாள். ஆறு கட்டங்கள். கையேட்டிலும் ஆறுதான்.

சட்டென்று நினைவு வந்தது. ஆறல்ல, ஏழு. தாளின் அகலத்துக்குள் அடங்கவில்லை என்று, எல்லாப் படங்களிலும் கடைசிக் கட்டத்தை வெட்டியது அவள்தான். அதைப் பற்றிக் கையேட்டில் ஒரு சொல்கூட எழுதவில்லை. கையேட்டை மட்டும் படித்தவனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

திரையை வலப்பக்கம் நகர்த்தினாள்.

எந்தக் கணினியிலிருந்து: ஆண்கள் வார்டு, நர்ஸ் மேசை.

அந்த வார்டில் நர்ஸாக இருப்பவன் எட்சன். அவள் கணவன். சனிக்கிழமை அவனுக்கு இரவுப் பணி; ஊசி போடுவதும் அவன்தான். காலை எட்டு மணிக்கு முடித்துவிட்டுக் கோயிலுக்கு வருகிறேன் என்றவன் வரவில்லை. மதியம் வீட்டுக்கு வந்து, இரண்டு முறை குளித்தான். ஆசையாகக் கேட்டிருந்த மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் தட்டிலேயே காய்ந்தன.

கையேட்டை முதலில் படித்துப் பிழை திருத்திக் கொடுத்தவனும் அவன்தான். 'சின்னப் புள்ளைக்குக்கூட விளங்கும் ஏட்டி' என்று சிரித்தான்.

கீழே தெருவில் ஒரு போலீஸ் ஜீப் வந்து நின்றது. அவள் போனை எடுத்தாள். எட்சனை அழைத்தாள்.

"அத்தான், ஆபீசுக்குப் போலீசு வந்தாச்சு. ஒங்க ஆஸ்பத்திரியில யாருக்கோ பாஸ்வேர்டு எனக்க பேர்ல மாறிக் கெடக்காம்."

மறுமுனையில் தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டுக் கடந்து போனது. பிறகு எட்சன் குரலைத் தாழ்த்தினான்.

"பயப்படாண்டாம் ஏட்டி. நீ பாட்டுக்குழுவுல நிக்கிய நேரமாப் பாத்துத்தான் மாத்துனேன்."