எலி புகாத கரவன்

என் புருசன் எமிலியானுஸ் கரவனுக்குக் கீழே மல்லாந்து படுத்து, சட்டி தேய்க்கிற கம்பித்தும்பை ஓட்டை ஓட்டையாகத் திணித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து நான் உள்ளே ஏறி, பயத்தம் உருண்டை நிரப்பிய ஐஸ்கிரீம் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். கண்டாரென்றால் அன்றைக்கு முழுக்க அர்ச்சனைதான். எலிக்குப் பயந்து ஒரு அரிசிமணிகூட உள்ளே இருக்க விடாத மனுசன்.

2006 மார்கழி அது. எங்கள் வானுக்குப் பின்னால் கொழுவி மிட்லாண்ட் கோயில் திருநாளுக்கு இழுத்துக்கொண்டு போகிற கரவனை, குளிர்காலத்தில் இல்-பிசாரில் பேனாட் என்கிற வெள்ளைக்காரக் கிழவரின் வளவில் நிறுத்திவைப்போம். போன மாதம் வந்தபோது எலிப் புழுக்கை கிடந்தது. நான் முதல் வைத்த பெட்டியின் மூலையையும் கடித்திருந்தது. தீன் வைத்து எலி வளர்க்கிறாயோ என்று டொலார்டில் இருக்கிற எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் இவர் பேசிக்கொண்டே வந்தார். எலி கடித்தது உண்மைதான். ஆனால் மேல்தட்டில் போர்வை சுருட்டி, தலையணைக்குள் செருகியிருந்தது. சின்ன வயதிலிருந்து எங்கள் மகன் டெனிஸ்டன் அப்படித்தான் வைப்பான்.

போதைத்தூள் பழக்கத்துக்காக அவனைப் புரட்டாதியில் வீட்டைவிட்டுத் துரத்தினார். துரத்தாமல் என்ன செய்வது, என் தையல் மெசினைக்கூட அவன் விட்டுவைக்கவில்லை. ஆனாலும் பெற்ற வயிறு கேட்குமா? கரவன் பூட்டின் பழைய திறப்பு ஒன்று அவனிடம் இருந்தது இவருக்குத் தெரியாது. தகப்பன் வேலையில் இருக்கும் ஞாயிறுகளில் போன் அடிப்பான். “சாப்பிட்டியோடா?” என்று கேட்பேன். “ஓம்” என்பான். அவ்வளவுதான். எங்கே படுக்கிறாய் என்று நான் கேட்கவில்லை, பெட்டி வைத்திருப்பதையும் சொல்லவில்லை. கேட்டால் அங்கேயும் போகாமல் விட்டுவிடுவான் என்ற பயம்.

இவர் கம்பித்தும்பு அடைத்தார். தண்ணீர்க் குழாய் வருகிற இடத்துக்கு நுரை அடித்தார், பஞ்சில் மின்ட் எண்ணெய் நனைத்து மூலைகளில் வைத்தார், பொறிகளையும் வைத்தார். வீட்டுக்குக்கூட இந்தக் கவனம் கிடையாது.

தை மாதம் பேனாட் போன் எடுத்தார். பிரெஞ்சில் என்ன கதைத்தார்களோ, இவர் முகம் இறுகிப்போய், தனியாக வெளிக்கிட்டுப் போனார். இருட்டின பிறகு வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

“ஒரு ஓட்டை மிச்சம் இருந்தது. அடைச்சிட்டன்.”

அந்தக் கிழமை முழுக்கக் குளிர் கொன்று தள்ளியது. மூச்சு விட்டால் மூக்குமயிர் உறைகிற குளிர். ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, மாதாவே, பிள்ளைக்குக் கரவனாவது இருக்கிறதே, காஸ் அடுப்பாவது இருக்கிறதே என்று செபமாலை உருட்டினேன். அதற்கடுத்த ஞாயிறு போன் வரவில்லை. பிறகு எந்த ஞாயிறும் வரவில்லை. மெட்ரோ வாசல்களில் படுத்திருப்பவர்களையெல்லாம் குனிந்து குனிந்து பார்த்துத் திரிந்தேன்.

சித்திரையில், பனி கரைந்து வளவெல்லாம் சேறாகக் கிடந்தபோது, கரவனைத் திறக்கப் போனோம். இவர் சட்டைப்பையிலிருந்து எடுத்த திறப்பு புதிதாக மினுங்கியது. கதவைப் பார்த்தேன். பூட்டும் புதிது.

“எப்ப மாத்தினீங்கள்?”

“தையில.” என்னைப் பார்க்காமல் சொன்னார். “பேனாட் உள்ளுக்கை வெளிச்சம் கண்டவராம்.”

இவருக்குத் தெரிந்திருக்கிறது. பூட்டைச் சுற்றிப் பெயின்ற் உரிந்து, தகரம் தெரியத் தெரியக் கீறல்கள். ஒன்றின் மேல் ஒன்றாக, நெளிந்து நெளிந்து. இவர் பெருவிரலை அவற்றின் மேல் ஓட்டினார்.

“எலி” என்றார். விரலை எடுக்காமல் இன்னொருமுறை சொன்னார். “எலிதான்.”

கீறல்கள் என் கண்ணுக்கு நேரே இருந்தன.

திறப்பை அவர் கையிலிருந்து பிடுங்கித் திறந்து உள்ளே ஏறினேன். மின்ட் எண்ணெய் மணத்தது. புழுக்கை ஒன்றுகூட இல்லை. பொறிகள் வைத்தபடியே வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. கட்டிலுக்கு அடியில் கையை விட்டுப் பெட்டியை இழுத்து மூடியைத் திறந்தேன். நான் அடுக்கியபடியே, விளிம்பு வரைக்கும் உருண்டைகள் இருந்தன. ஒரு பல்கூடப் படவில்லை.

வெளியே அவர் இன்னும் சேற்றுக்குள் நின்று, உரிந்த பெயின்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.