மஞ்சள் கொடிக்குக் கைதட்டல்

தலைநகரின் துவாரகா பகுதியில், ஓர் அடுக்குமாடி சொசைட்டியின் கம்யூனிட்டி ஹாலில் ஞாயிற்றுக்கிழமை காலை பாராட்டு விழா. வாசல் பேனரில் ‘தலைநகர் தந்த மாபெரும் பந்தய வீரன்’ என்று போட்டு, கீழே ஜெயராம் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிரித்தான். மாபெரும்! இரண்டு வருஷம் கார் ஓட்டி ஒரு கோப்பை வாங்கியவன் மாபெரும் வீரன் என்றால், அந்தச் சொல்லுக்கு இனி என்ன மரியாதை? சைமனுக்குக் கையிலிருந்த காப்பிகூடக் கசந்தது.

அவர் வந்திருக்கவே வேண்டாம். தமிழ் மன்றத் தலைவர் பாலசுப்ரமணியம்தான் மூன்று தடவை போன் செய்துவிட்டார். “ஜெயராம் ஜெயிச்ச அந்த ரேஸ்ல கொடி காட்டினது நீங்கதானே? நம்மவா ரெண்டு பேர் ஒரே இடத்துல! வந்து ரெண்டு வார்த்தை பேசுங்கோ, போதும்.” அதே இடத்தில் நம்மவன் மூன்றாவதாக ஒருவனும் இருந்தான் என்பது அவருக்கு நினைவில்லை.

அந்த மூன்றாவது ஆள் வேலு. சைமனும் அவனும் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர்கள். பந்தய நாட்களில் லீவு போட்டுவிட்டு, நகருக்கு வெளியே உள்ள தடத்துக்குப் போய் ஆரஞ்சு உடுப்பு மாட்டிக்கொண்டு நிற்பார்கள். சம்பளம் கிடையாது, பத்தடி தூரத்தில் நின்று கார்களைப் பார்க்கலாம், அந்தப் பைத்தியம்தான். சைமன் கொடி காட்டுவார். வேலு தடத்தில் கிடக்கும் உடைசலைப் பொறுக்குவான். போன மாதம் ஆறாவது வளைவில் யாருடைய பம்பரோ உடைந்து கிடந்தது. சைமன் மஞ்சள் கொடியை அசைத்தார், வேலு இறங்கினான். மஞ்சள் கொடி அசைந்தால் வேகத்தைக் குறை, முந்தாதே, முன்னால் ஆள் இருக்கிறான். பந்தயக் காரில் உட்கார்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற சட்டம் இது. ஜெயராமின் கார் வந்து வேலுவின் வலது காலை அடித்துவிட்டுப் போனது. மூன்று இடத்தில் எலும்பு முறிவு.

தான் தாண்டும்வரை கொடி அசையவே இல்லை என்று ஜெயராம் விசாரணையில் சொன்னான். காருக்குள் இருந்த கேமரா அன்றைக்கு வேலை செய்யவில்லை என்றது அவன் அணி. அவனுக்கு முன்னால் போன வெள்ளைக் கார்க்காரனை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. கொடி தாமதம் என்று சைமன் தலையில் கட்டி, விசாரணையை முடித்துவிட்டார்கள். அதைக்கூட விழுங்கிவிடலாம். வேலுவின் மனைவி பவுனுவும் அதை நம்பிவிட்டாள். சைமன் பழம் வாங்கிக்கொண்டு போன இரண்டு தடவையும் கதவைப் பாதி திறந்து, “அவரு தூங்குறாரு” என்று சொல்லிச் சாத்தினாள். அந்தக் கதவுதான் அவரைத் தூங்கவிடாமல் செய்தது.

பொன்னாடை போர்த்தியாயிற்று. ஜெயராமின் அப்பா ராமமூர்த்தி மைக்கைப் பிடித்தார்.

“என் பையன் எப்படி ஓட்டுவான்னு வாயால சொன்னா புரியாது. அவன் லேப்டாப்லேருந்து நானே எடுத்துண்டு வந்திருக்கேன். பாருங்கோ!”

“அப்பா, அது வேண்டாம், ப்ளீஸ்” என்று ஜெயராம் பாதி எழுந்தான். பையனுக்கு எவ்வளவு அடக்கம் என்று முன்வரிசை மெச்சிக்கொண்டது.

திரையில் தடம் ஓடியது. காருக்குள்ளிருந்து எடுத்த படம். வேலை செய்யாத கேமரா எடுத்த படம்! முன்னால் வெள்ளைக் கார். ஆறாவது வளைவுக்கு வெகு தூரம் முன்பே இடப்பக்கம் மஞ்சள் கொடி அசைந்தது. அசைத்தவர் சைமன்தான். வெள்ளைக் கார் உடனே வேகம் குறைந்தது.

“பயந்துட்டான் பாருங்கோ!” என்று ராமமூர்த்தி சிரிக்க, ஹாலே சிரித்தது. கொடிக்கு அர்த்தம் தெரியாத தகப்பன். ஜெயராம் வெள்ளைக் காரைத் தாண்டி, தடத்தின் ஓரம்வரை சறுக்கினான். ஓரத்தில் ஆரஞ்சாக ஏதோ ஒரு கணம் தெரிந்து, விழுந்து, மறைந்தது. அதை யார் பார்த்தார்கள்? முந்திவிட்டான்! கைதட்டல், விசில்.

“ஏக் பார் அவுர்!” என்று பின்வரிசை கத்தியது. பாலசுப்ரமணியம் மறுபடி போடச் சொன்னார். சைமன் போனை எடுத்து, முதலிலிருந்து கடைசிவரை திரையைப் படம் பிடித்துக்கொண்டார். முந்துகிற இடத்தில் இந்தத் தடவையும் கைதட்டல்.

பிறகு அவரை மேடைக்கு அழைத்தார்கள்.

“அந்த மஞ்சக் கொடி நான் ஆட்டுனது” என்றார். “முன்னால ஆள் நிக்கான், மெதுவாப் போன்னு அர்த்தம். வெள்ளைக் காரு பயப்படலை. பந்தயமே போனாலும் போகட்டும்னு ஒரு மனுசனுக்காவ மெதுவாப் போனான். இந்தப் படத்துல பெரிய டிரைவர்னா அவன்தான். ஆக்சிலேட்டர மிதிக்கதுக்கு எவனாலயும் முடியும். தம்பி, நான் ஒண்ணு கேக்கேன். கொடி உனக்குத் தெரிஞ்சுதா, இல்லையா?”

ஜெயராம் பொன்னாடையைச் சரி செய்துகொண்டான்.

“தெரிஞ்சுது அங்கிள். பட் ஸ்லோ பண்ணியிருந்தா ரேஸ் போயிருக்கும் இல்லையா. கிரேட் டிரைவர்ஸ் ஸ்லோ பண்ண மாட்டாங்க.”

ஹால் ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு அதற்கும் கை தட்டியது.

பாலசுப்ரமணியம் மைக்கை வாங்கிக்கொண்டார். “ஸ்போர்ட்ஸ்னா அடிபடறது சகஜம். அச்சா, எல்லாரும் ஜல்தி வாங்கோ, பூரி ஆறிப்போறது.”

மனிதர்களா இவர்கள்? சைமன் வாசலுக்கு வந்து, செடி ஓரமாகக் காறித் துப்பினார். வாய் சுத்தமான மாதிரி தெரியவில்லை. அங்கேயே நின்று, எடுத்த படத்தை விசாரணைக்காரர்களுக்கு அனுப்பினார். பவுனுவுக்கும் அனுப்பி, கொடி எப்போது அசைகிறது என்று மட்டும் பார்க்கச் சொன்னார்.

பத்து நிமிஷத்தில் அவளே கூப்பிட்டாள்.

“பாத்துட்டேண்ணே. நீங்க முன்னாடியே ஆட்டிட்டீங்க. உங்கள வாசல்ல நிக்க வச்சுட்டேன். மனசுல வச்சுக்காதீங்க.”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல பவுனு. நாளைக்கு வாரேன்.”

அவள் போனை வைக்கவில்லை.

“இன்னொண்ணு கேக்கணும்ணே. இதுல சத்தம் கேக்குதே... அவரு கீழ விழுறப்ப எல்லாரும் கை தட்டுறாங்களே, அது எதுக்குண்ணே?”