ஆறு இருந்த தோப்பு

மாட்டுவண்டிப் பலகையில் விரித்திருந்த படத்தில் செல்லியம்மாள் தன் நிலத்தைத் தேடினாள். விமானத்திலிருந்து எடுத்த படமாம். மாகறல் ஊரும் கோயிலும் செய்யாறும் சாம்பல் நிறத்தில் கிடந்தன. அவள் நிலம் இருக்கவேண்டிய இடம் வெள்ளையாக, வெறும் மணலாக இருந்தது. முந்தானையில் முடிந்திருந்த வெள்ளரி விதையை அவள் கை தடவிக்கொண்டது.

அறுபதுகளின் கடைசியில் வந்த வெள்ளத்தில் ஆறு கரையை அறுத்துக்கொண்டு தெற்கே நகர்ந்து, அவளுடைய கேழ்வரகுக் கொல்லையில் படுத்துவிட்டது. அவள் விடவில்லை. தண்ணீர் வடிந்ததும் அந்த மணலிலேயே வெள்ளரி போட்டாள், காய்த்தது. இப்போது ஆற்றை அளக்க வந்தவர்கள் கொல்லை நடுவே குச்சி அடித்திருந்தார்கள். ஆறு ஓடுகிற இடமெல்லாம் சர்க்கார் புறம்போக்கு, பட்டா செல்லாது என்று பஞ்சாயத்துத் தலைவர் கோதண்டபாணி ஊர் கேட்கச் சொல்லிவிட்டார். நிலத்தை விட்டுக்கொடுக்கும் தாளில் பேசாமல் கைநாட்டு வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

படத்தைக் கொண்டுவந்த உமாபதி பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பத்தவன். தறியை விட்டு சர்க்காருக்குப் படம் வரையும் வேலைக்கு வந்தவனுக்கு வேலைமேல் அடங்காத ஆசை. யாராவது கேட்டால் போதும். மெல்லிய வரைதாளைப் பட்டுச்சேலை விரிப்பதுபோலப் படத்தின்மேல் விரித்தான். நீலக்கோடு இன்றைய ஆறு, சிவப்பு வெள்ளைக்காரன் காலத்து ஆறு என்றான்.

"அதுக்கும் முன்னாடி ஆறு எங்க இருந்துச்சுப்பா?" என்று கேட்டாள் செல்லியம்மாள்.

அவன் முகம் மலர்ந்தது. ஊரை ஒட்டி வளைந்த கரும்பட்டை ஒன்றின்மேல் விரலை ஓட்டினான். ஆறு விட்டுப்போன தடத்தில் அடியில் ஈரம் நிற்கும், அதனால்தான் அங்கே மட்டும் மரங்கள் இத்தனை அடர்த்தி என்றான். கோதண்டபாணி இருமியபோதுதான் அவன் நிறுத்தினான். அது அவருடைய மாந்தோப்பு.

"இன்னா தலைவரே," என்றாள் செல்லியம்மாள். "ஆத்துல மாமரம் வெச்சிக்கினு என் வெள்ளரியப் புடுங்க வந்துக்கிறீங்க. மொதல்ல உங்க தோப்புல குச்சி அடிங்க. அப்பால நான் கைநாட்டு வெக்கிறேன்."

"அது எங்க தாத்தா வெச்ச தோப்பும்மா."

"அப்ப ஆறு உங்க தாத்தாவக் கேட்டுக்கினுதான் அந்தாண்ட போச்சா?"

வண்டிக்காரன் சிரித்துவிட்டான். தலைவர், நீலத்தை மட்டும் வரைந்தால் போதும் என்று உமாபதியின் காதோரம் சொன்னார். உமாபதி தாளைச் சுருட்டவில்லை. பென்சிலை எடுத்துச் சீவத் தொடங்கினான்.

அவன் எதை வரைவான் என்று பார்க்கச் செல்லியம்மாள் காத்திருக்கவில்லை. ஆற்றில் இறங்கி நடந்து, கொல்லை நடுவிலிருந்த குச்சியைப் பிடுங்கினாள். அதன் கூர்முனையால் மணலைக் குத்திக் குழி செய்தாள். விதை போட்டு மூடிவிட்டு, அடுத்த குழிக்குக் குச்சியை ஓங்கினாள்.