முன்மாதிரித் தம்பதிக்கு ஆறு டம்ளர்

நெய்வேலியில் அறுபத்தெட்டாம் வருஷத்துக் குடும்பக் கட்டுப்பாட்டு விழாவுக்கு முன்மாதிரித் தம்பதியைப் பிடிப்பது சிரமமாக இல்லை. கணக்கெடுக்க வந்த விஜயகுமாரி, "கல்யாணமாகி எத்தனை வருஷம்?" என்று கேட்டாள்.

"பதினொண்ணுங்க" என்றாள் அமிர்தம்.

"குழந்தை?"

"இல்லீங்க."

ஏன் என்று விஜயகுமாரி கேட்கவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

அமிர்தம் போகச் சம்மதித்தது பரிசுக்காக அல்ல. மேடையில் லேடி டாக்டர் இருப்பாராம். மெட்ராசில் அவளைப் பரிசோதித்தவர்கள் தந்த இங்கிலீஷ் சீட்டு ஒன்று மூன்று வருஷமாக டிரங்குப் பெட்டியில் கிடந்தது. மைன்ஸில் வேலை பார்க்கும் புருஷன் கண்ணையனுக்குப் புரிந்தது, "ஏதோ வளரலையாம்" என்பது மட்டும். வளரட்டும் என்று ஊரிலிருந்து மாமியார் கஷாயம் காய்ச்சச் சொல்லிவிட்டாள். குடியிருந்த பிளாக்கில் படித்தவர்கள் உண்டு. ஒருவரிடம் காட்டினால் சாயங்காலத்துக்குள் பிளாக்கே படித்துவிடும். ஆஸ்பத்திரி வரிசையிலும் முன்னால் பின்னால் அதே முகங்கள்தான்.

கண்ணையனுக்கு அன்று இரண்டாம் ஷிப்ட்; தம்பதியில் அமிர்தம் மட்டும் போனாள். மேடையில் அதிகாரி குஞ்சிதபாதம் சிறு குடும்பத்தைப் பற்றி ஒரு மணி நேரம் முழங்கினார். அவருடைய ஆறு பிள்ளைகளும் முன்வரிசையில் உயர வாரியாக உட்கார்ந்து கைதட்டினார்கள்.

"தேசத்துக்காக இந்த அம்மா பதினோரு வருஷம் கட்டுப்பாடாக வாழ்ந்திருக்கிறார்!"

"எங்கூட்டுக்காரருக்கும் சொல்லிக்குடேன் அமிர்தம்!" என்று கூட்டத்திலிருந்து அதே பிளாக்குப் பட்டம்மாள் கத்தினாள். ஒரே சிரிப்பு.

பரிசுப் பெட்டியை வாங்கிய கையோடு அமிர்தம் சீட்டை நீட்டினாள்.

"மனுவெல்லாம் ஆபீஸ்ல குடும்மா" என்றார் குஞ்சிதபாதம். லேடி டாக்டர் ஆதிலட்சுமி அதை வாங்கிப் படித்தார். கைதட்டல் ஓயவில்லை. டாக்டர் அவள் காதருகே குனிந்தார்.

"கர்ப்பப்பை வளராம சின்னதாவே நின்னுபோச்சும்மா. பொறப்புலயே அப்படி. உன் தப்பு ஒண்ணும் இல்ல."

"கஷாயம் குடிச்சிகினு இருக்கேங்க. வளருமுங்களா?"

"வளராது. நிறுத்திடு. வயித்துவலி, வேற தொந்தரவு எதுன்னாலும் மறைக்காம வா. தனியா வெச்சுப் பாக்கறேன்."

போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். அமிர்தம் சிரித்தாள்.

குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. கண்ணையன் திரும்ப ராத்திரியாகும். கஷாயச் சட்டியை முற்றத்தில் கவிழ்த்தாள். பரிசுப் பெட்டியைப் பிரித்தாள். ஆறு எவர்சில்வர் டம்ளர்கள்.

இரண்டைக் கழுவி அலமாரியில் வைத்தாள். மற்ற நாலையும் வந்த காகிதத்திலேயே சுற்றி, பெட்டிக்குள் அடுக்கி, கைக்கு எட்டாத உயரத்தில் ஏற்றினாள்.