பேனரில் பென்குயின்

எங்கள் ஃபிரெடி சித்தப்பாவுக்குப் பொறுமை என்ற ஒன்றைக் கடவுள் வைக்கவே இல்லை. எனக்கு இன்டர்வியூவே நடக்கவில்லை. அதற்குள் ஆவூர் பஸ் ஸ்டாப்பில் வாழ்த்துப் பேனர் கட்டிவிட்டார் மனுசன்.

சின்னதாக ஒன்று என்றால்கூடத் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். லாரி நீளத்துக்கு அடித்து வைத்திருந்தார். நடுவில் என் பிளஸ் டூ போட்டோ. பின்னால் பனிமலை. இரண்டு பக்கமும் கல்யாண வீட்டு வாசலில் நிற்பதுபோல் பென்குயின்கள். "பனியாற்றை அளக்க நார்வே செல்லும் ஆவூரின் அன்பு மகள் டாக்டர் மெர்லினை வாழ்த்தி வழியனுப்புகிறோம்." கீழே கூலிங் கிளாஸில் சித்தப்பா, குவைத்தில் இருக்கும் அப்பா, மாமன்மார், மச்சான்மார், அண்மையில் பிறந்த கைக்குழந்தை வரைக்கும் ஒருத்தர் பாக்கியில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கிய எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சித்தப்பா பக்கத்திலேயே மீன் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன சித்தப்பா பண்ணி வச்சிருக்கீங்க? இன்டர்வியூவே நாளக்கித்தான். டாக்டர்னு வேற போட்டிருக்கீங்க!"

"எப்படியும் ஆகத்தானே போற? அப்பறம் அதுக்கு ஒரு பேனர் அடிக்கணுமாக்கும்?"

"கெடைக்கலைன்னா நான் இந்த ரோட்டுல எப்படி நடக்குறது?"

"நடக்காத. வேன்ல வா," என்றார். இந்த ஆளிடம் எவன் பேசி ஜெயிப்பது?

என் வயிற்றெரிச்சல் அவருக்கு எங்கே புரியப்போகிறது? திருச்சியில் எம்.எஸ்சி. ஜியாலஜி படித்தபோதே எனக்குப் பனியாற்றுப் பைத்தியம் பிடித்துவிட்டது. மலையுச்சியில் சேர்ந்து இறுகி, ஆறு மாதிரியே மெல்ல மெல்லக் கீழே நகர்கிற பனிக்கட்டி. அது எவ்வளவு உருகுகிறது, எதனால் உருகுகிறது என்று அளப்பதற்கென்றே உலகத்தில் ஆராய்ச்சி வேலைகள் இருக்கின்றன. நார்வேயில் முனைவர் படிப்பே ஒரு வேலைதான். மாதச் சம்பளம் கொடுத்துப் படிக்க வைப்பார்கள். அதைச் சொன்னதும் அம்மா, "படிக்கிறதுக்கு அவன் சம்பளம் தாரானா? கிட்னிய எடுத்துருவானுங்கடி," என்று அலறிவிட்டார்.

விண்ணப்பித்த இடமெல்லாம் ஒரே பதில்தான் வந்தது: பனியில் வேலை செய்த அனுபவம் இல்லை. பனிக்கு நான் எங்கே போவேன்? எங்கள் வீட்டில் மார்கழியிலேயே ஃபேன் ஓடும். இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது இந்த ஒரு பல்கலைக்கழகம்தான். இதுவும் கைவிட்டால் இனிமேல் பனி, மலை என்று வாயே திறக்காமல் வேலைக்குப் போய்விடுவதாக அம்மாவுக்குச் சத்தியம் செய்திருந்தேன்.

மறுநாள் காலையிலேயே கரண்ட் போய்விட்டது. மாதாந்திரப் பராமரிப்பாம், சாயங்காலம்தான் வருமாம். வீட்டுக்குள் போன் சிக்னல் ஒரு கோடு வந்து வந்து செத்தது. இன்டர்வியூ மதியம் ஒன்றரைக்கு. நான் அழுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

"இதுக்கா மூக்கச் சிந்துற? பஸ் ஸ்டாப்புல டவர் பிச்சுக்கிட்டு எடுக்கும், வா," என்று என்னையும் லேப்டாப்பையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார் சித்தப்பா.

சித்திரை வெயில். அங்கே நிழல் என்று இருந்தது ஒரே ஒரு இடத்தில்தான், அந்தப் பாழாய்ப்போன பேனருக்குக் கீழே. சித்தப்பா ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்து எனக்கு நாற்காலி ஆக்கினார், இன்னொன்றை மேசை ஆக்கினார். அனல் காற்றில் பேனர் படபடவென்று அடித்துக்கொண்டது. அதன் கயிற்றை இழுத்துப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

திரையில் பேராசிரியர் இங்கிரிட் வந்தார். நரைத்த முடி, கம்பளிச் சட்டை. எடுத்த எடுப்பிலேயே நான் பயந்த கேள்வி.

"பனியாற்றை நேரில் பார்த்திருக்கிறீர்களா?"

"இல்லை. பனி பெய்துகூடப் பார்த்ததில்லை," என்றேன். அவர் எதையோ குறித்துக்கொண்டார். விடக்கூடாது என்று மளமளவெனப் பேசினேன். "ஆனால் பனிக்கட்டியோடு வேலை செய்திருக்கிறேன். என் சித்தப்பா கோட்டைப்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவருபவர். அவர் வேனில் ஐஸ் பாளங்களை வரவழைத்து மொட்டை மாடியில் வரிசையாக வைத்தேன். நார்த்தாமலைப் பக்கத்துக் கல் கிரஷரில் தூசி அள்ளிவந்து ஒவ்வொன்றின் மேலும் ஒவ்வொரு கனத்துக்குப் பரப்பினேன். லேசாகத் தூவிய பாளம் வெறும் பாளத்தைவிடச் சீக்கிரம் உருகியது. கறுப்புத் தூசி வெயிலை இழுக்கிறது. கனமாக மூடிய பாளம் போர்வை போர்த்தியதுபோல் அப்படியே நின்றது. பாறைத்தூள் மூடிய பனியாறுகளிலும் இதுதானே நடக்கிறது?"

இங்கிரிட் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். "அளவுகள் எல்லாம் ஒழுங்காக வந்தனவா?"

"முதல் கோடையில் ஒன்றுகூட ஒத்துவரவில்லை. தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால், மீனுக்குப் போடுகிற பழக்கத்தில் சித்தப்பா ஐஸ் மேல் உப்பை அள்ளிப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். அவ்வளவையும் தூக்கிப் போட்டுவிட்டு மறு கோடையில் புதிதாகச் செய்தேன்."

அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. அந்த நேரம் பார்த்துக் காற்று பேனரை உப்ப வைத்தது. அவர் கண்ணைச் சுருக்கினார்.

"உங்கள் பின்னால் இருப்பது பென்குயினா?"

எனக்கு மானம் போனது. மென்று விழுங்கி, அதில் எழுதியிருந்ததை மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லையே! ஏன் இப்போதே வைத்தார்கள்?"

"என்னவாம்?" என்று சித்தப்பா கிசுகிசுத்தார். சொன்னேன். கயிற்றை விடாமலே தலையை மட்டும் கேமராவுக்குள் நீட்டினார் மனுசன்.

"கெடச்சப்பறம் யாரு வேணாலும் பேனர் வைப்பாங்க மேடம். கெடைக்கலைன்னா யாரு வைப்பா? எங்க புள்ள ஐஸத் தூக்கிக்கிட்டு வெயில்ல நின்னத நாந்தானே பாத்தேன். அதுக்கு வச்சேன்."

அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். முந்தின நாள் இவரையா அந்தக் கத்துக் கத்தினேன் என்றிருந்தது. இங்கிரிட் பேனரை இன்னொரு தரம் நன்றாகப் பார்த்தார். பிறகு சிரித்தபடி, "அவரிடம் சொல்லுங்கள், எங்கள் நாட்டில் பென்குயின் கிடையாது. அது தென் துருவத்துப் பக்கம். எங்களிடம் வெள்ளைக் கரடிதான்," என்றார்.

சித்தப்பா முகம் தொங்கிப்போயிற்று. "அடச்சே! பிளெக்ஸ் கடக்காரன் கவுத்துட்டானே," என்று வீடு வரைக்கும் புலம்பிக்கொண்டே வந்தார். எனக்குக் கிடைக்குமா கிடைக்காதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலையில் மெயில் வந்தது. நான் போட்ட சத்தத்தில் அம்மா தோசைக் கரண்டியோடு ஓடிவந்தார். சங்கதியைக் கேட்டதும், "மாதாவே!" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அடுத்த மூச்சில், "குளுருக்கு ஸ்வெட்டர் வாங்கணுமேடி," என்றார். கிட்னி மறந்துபோயிற்று.

செருப்புக்கூடப் போடாமல் பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். சித்தப்பா அங்கேதான் இருந்தார். வேன் கூரைமேல் ஏறி நின்று, புதிதாக அடித்துவந்த வெள்ளைக் கரடி ஒன்றைப் பென்குயின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா! கெடச்சிருச்சு! நார்வே கெடச்சிருச்சு!"

"அதத்தான் நான் அப்பவே போட்டுட்டேனே," என்றார் திரும்பாமலே. "நீ அங்கிட்டுத் தள்ளி நின்னு, கரடி நேரா இருக்கான்னு பாத்துச் சொல்லு."

எனக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். கரடி எங்கே தெரிந்தது?

"நேரா இருக்கு சித்தப்பா," என்றேன்.